கூப்பிடுகிற பெயர்

குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் கிராமத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த தபால்காரர் ஒருவர், 'சுவாமிநாதன்' என்று விலாசமிட்ட பதிவுத் தபால் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்குமாக மூன்று தடவை அலைந்துவிட்டு, அப்படி ஒருவர் இந்த ஊரிலேயே இல்லை என்ற தீர்மானத்தோடு சைக்கிளைத் திருப்பியபோது, களத்தில் காய்கிற நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி அவரை நிறுத்தி, "அப்பா பேரு என்னங்க போட்டிருக்கு?" என்று கேட்டாள். அவர் தகப்பனார் பெயரைப் படித்ததுதான் தாமதம், "அட, நம்ம துரைக்கு வந்திருக்கு! அதோ, மடையடியிலே மண்வெட்டியோட நிக்கிறாரு பாருங்க, அவருதான்" என்று கையைக் காட்டினாள். அந்த மடையைத் தாண்டித்தான் தபால்காரர் மூன்று தடவையும் போய் வந்திருந்தார். ஐம்பது வருஷங்களாக அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, பயிர் செய்து, பஞ்சாயத்திலும் உட்கார்ந்து எழுந்த என் சித்தப்பாவுக்குச் சுவாமிநாதன் என்றொரு பெயர் இருப்பது, அவர் பேரில் வந்த தபாலை ஒட்டித்தான் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிய வந்தது.

காவிரிப் பாசனத்துக் கிராமங்களில் இது அதிசயமான சங்கதியே இல்லை. இங்கே பெரும்பாலோருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, நாமகரணத்தன்று தாம்பாளத்தில் பரப்பிய அரிசியின்மேல் தகப்பனார் விரலால் எழுதிக் குழந்தையின் காதிலே ஓதுவது. மற்றொன்று, நாள் நட்சத்திரம் ஏதும் பார்க்காமல், தொட்டிலை ஆட்டுகிற கைக்குப் பக்கத்திலே தானாக முளைத்து, ஆளோடு வளர்ந்து, கடைசியில் எழுதின பெயரையே மூடி மறைத்துவிடுவது. முன்னதை வைத்த பெயர் என்றும் பின்னதைக் கூப்பிடுகிற பெயர் என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

இந்த இரண்டாவது பெயர் பிரியத்தினால் மட்டும் வந்ததென்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு ஒரு கட்டாயமும் இருந்தது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது நம்முடைய நெடுநாளைய சம்பிரதாயம். பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது பெயரைத் தாங்கி நிற்பவன், என்ற பொருளிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் அதே குடும்பத்தில், மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்ற நியமமும் இருந்தபடியால், தான் பெற்ற பிள்ளையைத் தானே பெயர் சொல்லி அழைக்க முடியாத தர்மசங்கடம் ஒவ்வொரு தாய்க்கும் ஏற்பட்டது. என் பாட்டியின் மாமனார் பெயர் சுவாமிநாதன். மூன்று கல் தூரத்திலே சுவாமிமலை இருக்க, அவள் ஆயுள் முழுவதும் "மலைக்குப் போய்ட்டு வரேன்" என்றாளே ஒழிய, அந்தச் சுவாமியின் பெயரை ஒரு நாளும் உச்சரித்ததில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, வாத்தியார் பெயரைக் கேட்க, அவள் சற்றுத் தயங்கி, "அப்பனுக்கே உபதேசம் பண்ணின சாமி பேருங்க" என்றாளாம். வாத்தியாரும் இந்த மண்ணிலே பிறந்தவர். மறுபேச்சுப் பேசாமல் ரிஜிஸ்தரில் சுவாமிநாதன் என்று எழுதிக்கொண்டார். வீட்டிலே அவளுக்கு அவன் துரை. சில சமயம் ராசா. காய்ச்சல் கண்ட நாட்களில் மட்டும் கண்ணு.

இப்படிப் பிறந்த பெயர்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினால் ஒரு தெருவுக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். அக்கிரகாரங்களில் அம்பி, பட்டு, குஞ்சு, அம்மாளு, கிட்டு, சீனு. குடியானவர் தெருக்களில் தம்பி, மணி, ராசு, பாப்பா, தங்கம், ராசாத்தி, செல்லம். இவற்றிலே தங்கமும் செல்லமும் வீட்டுக்குள் அடங்காமல் நாமகரணத்திலேயே இடம் பிடித்துத் தங்கம்மாள், செல்லம்மாள், செல்லப்பா என்று முழுப் பெயர்களாக நிமிர்ந்துவிட்டன. பாரதியாரின் மனைவி செல்லம்மாள், மூத்த மகள் தங்கம்மாள் என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுக்கெல்லாம் மேலாக என் மனத்தைத் தொடுவது, எங்கள் பக்கத்தில் தகப்பன் தன் மகனை 'ஐயா' என்றும், தாய் தன் மகளை 'ஆயி' என்றும் அழைக்கிற வழக்கந்தான். மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்து, "வாடி என் ஆயி, ஒரு வாய் சாப்பிடும்மா" என்று தாய் கெஞ்சும்போது, தன்னைப் பெற்ற தாயையே தான் பெற்றெடுத்து இடுப்பில் வைத்திருக்கிற பாவனை அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது.

இந்தப் பாவனை நமக்கு மட்டுமே உரியது என்று நான் வெகு காலம் நம்பியிருந்தேன். ஸ்பானிய மொழி பேசுகிற கரீபியத் தீவுகளிலே, தாய்மார் தம்முடைய சிறு மகனைப் 'பாப்பி' என்றும் மகளை 'மாமி' என்றும், அதாவது அப்பா என்றும் அம்மா என்றும், கொஞ்சி அழைக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. அந்த மொழிக்காரர்கள் 'என் மகளே' என்னும் இரண்டு சொற்களை ஒன்றாகக் குழைத்து 'மீஹா' என்றும், 'என் மகனே' என்பதை 'மீஹோ' என்றும் ஆக்கி, தம் வயிற்றில் பிறக்காத பிள்ளைகளையும், கடைக்கு வருகிற இளம்பெண்ணையும்கூட அப்படியே அழைக்கிறார்கள். நம் ஊர்க் காய்கறிக்காரி முன்பின் தெரியாதவளைக் 'கண்ணு' என்று அழைத்துக் கத்தரிக்காயை நிறுத்துப் போடுவதுபோல. 'கொராசோன்' என்றால் அவர்களுக்கு இதயம்; காதலியையும் குழந்தையையும் அழைக்கிற அந்தச் சொல் ஞானஸ்நானப் பெயராகவும் ஆகி, ஸ்பானியர் முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட பிலிப்பைன்ஸ் தேசத்தில், 1986-இல் ஜனாதிபதியான கொராசோன் அக்கினோவின் பெயராக உலகத்துக்கெல்லாம் அறிமுகமாயிற்று.

அவர்களுடைய பிரியச் சொற்களிலே என்னை வெகு நேரம் நிறுத்தி வைத்தது 'நீன்யா' என்பது. சிறு பெண், குழந்தை என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் கண்ணின் நடுவே இருக்கிற கருமணிக்கும் அவர்கள் மொழியில் நீன்யா என்றுதான் பெயர். உயிருக்கு உயிரான ஒருவரை 'என் கண்களின் நீன்யா' என்பார்கள். நம்முடைய மொழியை நினைத்துப் பாருங்கள்! பாவை என்றால் பெண், பொம்மை. கண்ணின் மணியும் பாவைதான். ஏடறியாத தாயும் குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதிவிட்டு, "கண்ணுப் பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலே" என்கிறாள். ஒருவரோடொருவர் சம்பந்தமே இல்லாத இரண்டு ஜன சமூகங்களுக்கு ஒரே உவமை எப்படித் தோன்றிற்று என்றால், அதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஒரு குழந்தையை மடியிலே கிடத்தி அதன் கண்ணுக்குள் குனிந்து பார்த்தால் போதும். அந்தக் கருவட்டத்துக்குள்ளே, விரல்நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு சின்ன உருவம், நம்முடைய உருவமே, பொம்மைபோல நின்றுகொண்டிருக்கும். பழைய லத்தீன் மொழியிலும் கருமணிக்குச் சிறு பொம்மை என்றே பெயர் இருந்தது. பிறர் கண்ணிலே தன்னைக் கண்டவர்கள் எத்தனையோ தேசங்களில் அதைக் குழந்தை என்றே சொல்லியிருக்கிறார்கள்.

இந்த நீன்யாவும் ஊர் ஏறிப் பெயராயிற்று. 1492-இல் கொலம்பஸ் ஓட்டிச் சென்ற மூன்று கப்பல்களில் ஒன்றுக்கு இட்ட பெயர் புனித கிளாராவினுடையது. அதன் உடைமையாளர் குடும்பப் பெயர் நீன்யோ என்பதால் மாலுமிகள் அதைச் செல்லமாக நீன்யா என்று அழைக்க, சரித்திரமும் அவ்வாறே எழுதிக்கொண்டது. அமெரிக்காவில் 1933-இல் ஏழைக் கறுப்பர் குடும்பம் ஒன்றில் பிறந்த யூனிஸ் வேமன் என்ற பெண், இருபத்தொன்றாம் வயதில் வயிற்றுப்பாட்டுக்காக மதுக்கடையில் பியானோ வாசிக்க நேர்ந்தபோது, மதப் பிரசாரகியான தன் தாயாரின் காதுக்கு அது எட்டக் கூடாதென்று, காதலன் ஒருவன் தன்னைச் செல்லமாக அழைத்த ஸ்பானியச் சொல்லையே பெயராகப் பூண்டாள். நீனா சிமோன் என்ற அந்தப் பெயர் பின்னாளில் அவள் இனத்தாரின் உரிமைப் போராட்டத்துக்கே குரலாக ஒலித்தது. நமக்கும் ஒரு பாப்பா உண்டு. மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் சீடரான வயலின் வித்துவான் வெங்கடராமையாவை, 1962-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற வயதான காலத்திலும், சங்கீத உலகம் பாப்பா வெங்கடராமையா என்றே சொல்லிற்று.

ஸ்பானியக் குழந்தைகளில் ஒருவன் தஞ்சாவூர் விவசாயியின் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெரு நாட்டின் வடகரையில் இருக்கிற பைட்டா துறைமுகத்து மீனவர்கள், கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒட்டி வருஷந்தோறும் தங்கள் கடலில் வந்து சேர்கிற வெதுவெதுப்பான நீரோட்டத்தை, பாலனாகிய ஏசுவின் நினைவாக 'எல் நீன்யோ', அதாவது குழந்தை, என்று அழைத்து வந்தார்கள்; 1892-இல் காரியோ என்ற கப்பல் தளபதி லீமா நகரத்துப் பூகோள சங்கத்தில் அதைக் குறித்துப் பேச, விஞ்ஞானிகள் அந்தச் செல்லப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த வெம்மை பசிபிக் சமுத்திரம் முழுவதும் பரவுகிற ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பல தடவை பொய்த்துப் போகிறது. குடகிலே மழை குறைந்தால் மேட்டூரிலே நீர்மட்டம் ஏறுவதில்லை. வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கிற அணை தாமதிக்க, அல்லது திறந்தும் தண்ணீர் நிலைக்காமற் போக, குறுவைப் பயிர் கருகுகிறது. 2023-ஆம் ஆண்டில் அதுதான் நடந்தது. ஆனால் அதே குழந்தை வருகிற வருஷங்களில் ஐப்பசி கார்த்திகை மழை நமக்குப் பெரும்பாலும் கூடுதலாகவே பெய்கிறது. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தைச் சென்னைவாசிகள் மறக்கமாட்டார்கள். வானொலிப் பெட்டியில் 'எல் நினோ' என்று கேட்கிறபோதெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்க்கிற நம் மிராசுதாருக்கும் குத்தகைக்காரருக்கும், அது யாரோ ஒரு தாய் தன் பிள்ளையை அழைக்கிற சொல் என்று எடுத்துச் சொன்னால் அவர்கள் எவ்வளவு ஆச்சரியப்படுவார்கள்!

தஞ்சாவூர்ச் சீமையிலே செல்லப் பெயர் மனிதரோடு நின்றுவிடவில்லை. கும்பகோணத்தில் சார்ங்கபாணி கோயிலில் பள்ளிகொண்டிருக்கிற பெருமாளை, எவ்வளவு பருகியும் திகட்டாத அமுதம் என்று நம்மாழ்வார் ஏங்கி அழைத்த சொல்லே அவருக்குத் திருநாமமாகி ஆராவமுதன் என்று நிலைத்தது. கும்பகோணத்தைச் சுற்றி ஆராவமுதன் என்ற பெயருடைய பெரியவர்களை அநேகம் பார்க்கலாம். ஒரு கவி தன் தெய்வத்தை அழைத்தது சுவாமியின் பெயராகி, பிறகு தெருவில் பம்பரம் விடுகிற பையனின் பெயராகவும் ஆயிற்று. திருவாரூருக்கு அருகே திருக்கண்ணமங்கையில் இருக்கிற பெருமாள், பக்தர்களின் உயிர் என்ற அர்த்தத்தில் பத்தராவி. ஸ்பானியர்கள் தம் குழந்தையை 'என் உயிரே' என்று அழைக்கிற அதே வாத்ஸல்யம் இதிலும் இல்லையா? வைத்தீசுவரன் கோயிலில் முருகனுக்கு ஒரு சொல் போதவில்லை. செல்வம், முத்து, குமாரன் என்று தாய்மார் வாயில் புழங்குகிற மூன்று சொற்களைக் கோத்துச் செல்வமுத்துக்குமாரசுவாமி என்றார்கள்.

அரசர்களும் இதற்கு விலக்கில்லை. 1010-ஆம் ஆண்டில் பெரிய கோயிலைக் கட்டி முடித்த முதலாம் ராஜராஜன், அதற்குத் தான் கொடுத்தவற்றையும் தன் குடும்பத்தார் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டும்படி ஆணையிட்டபோது, ஈழம் வரையில் படை செலுத்திய அந்தச் சக்கரவர்த்தி, தமக்கை குந்தவையாரைப் பட்டங்களால் அல்லாமல் 'அக்கன்' என்ற ஒரே உறவுச் சொல்லால் குறித்தான். ஆயிரம் வருஷங்களுக்குப் பிறகு நாம் அந்தக் கல்லை விரலால் தடவிப் பார்க்கையில், நிலமும் பொன்னும் எடையிட்டு எழுதிய கணக்குகளுக்கு நடுவே, வீட்டுக்குள் அவன் அழைத்த குரல் கேட்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னரின் சபையிலே நாட்டியத்துக்கு முறை வகுத்த தஞ்சை நால்வரில் மூத்தவர் இருவரும் சின்னையா, பொன்னையா என்பவர்கள். சின்னவனும் பொன்னானவனும் ஐயாவோடு சேர்ந்து சாஸ்திரத்துக்கே அதிகாரிகளானார்கள்.

பிரியம் எப்போதும் பொன்னாகவும் முத்தாகவுமே பேசுவதில்லை. பெற்ற குழந்தைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பறிகொடுத்த தாய், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி, வேறொருத்தி எடுத்துவரச் செய்து, அவளிடம் ஒரு முறம் தவிடு கொடுத்து விலைக்கு வாங்கிக்கொள்வாள். நெல் விளைகிற நாட்டில் தவிட்டைவிட மலிவானது எது? அவ்வளவு அற்பமான பண்டத்தின்மேல் எமனுக்கும் கண் விழாது என்பது அவள் நம்பிக்கை. குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை என்ற பெயர்கள் அப்படி வந்தவை. நாகூர் ஆண்டவர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குப் பக்கிரி என்று பெயரிடுவதும் இந்தச் சீமையில் மதபேதமின்றி நடந்தது. மன்னார்குடிப் பக்கிரியாப் பிள்ளை கொன்னக்கோலில் இணையற்றவராக விளங்கியவர். குப்பை என்றும் பிச்சை என்றும் அழைத்த அந்தத் தாய்மாரின் வாயில் இருந்தது ஏளனம் என்று எண்ணுகிறவர்கள், அவர்களுடைய பயத்தை ஒரு கணமாவது நினைத்துப் பார்க்கவேண்டும்.

இப்பொழுது நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லத் தயங்குவதில்லை, அது நல்லதே. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவதும் குறைந்து, எண் கணக்குப் பார்த்து, வேறு எந்த வீட்டிலும் இல்லாத பெயரைத் தேடி வைக்கிறார்கள். அதிலும் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் புதுப் பெயராலேயே குழந்தையை முழுக்க முழுக்க அழைத்துவிட்டு, வேறு பெயர் அதற்கு வேண்டியதில்லை என்று இருந்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் பிதற்றுவதற்குப் பாட்டி ஒருத்தி வேண்டும். அவளோ ஊரிலே நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டினால், 'சுவாமிநாதன் என்கிற துரை', 'மீனாட்சி என்கிற பாப்பா' என்று எழுதியிருக்கும். அந்த 'என்கிற' என்னும் சொல்லை எழுதிய குமாஸ்தாவுக்கு அது சட்ட சம்பந்தமான ஜாக்கிரதை; எனக்கோ, அரசாங்க முத்திரைத் தாளில் ஒரு தாயின் குரலுக்கு ஒதுக்கிக் கொடுத்த இடமாகவே அது தென்படுகிறது.

அந்தக் குரல் சாசுவதமாக நின்றுவிட்ட இடம் ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது. சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். தியாகராஜருக்கு அந்த ஊர்ச் சுவாமியின் பெயர்; முத்துசுவாமி தீட்சிதருக்கு வைத்தீசுவரன் கோயில் முருகனின் பெயர். மூவரில் மூத்தவரான, 1762-இல் பிறந்த சாஸ்திரிகளுக்கும் வெங்கடசுப்பிரமணியன் என்று முறைப்படி சுவாமி பெயரைத்தான் இட்டார்கள். ஆனால் அவருடைய தாய் தகப்பனார் அவரைக் கொஞ்சி அழைத்தது சியாமகிருஷ்ணன் என்று. சியாமம் என்றால் கருமை. கறுத்த கண்ணன் என்று எத்தனையோ தாய்மார் அழைக்கிறது போலத்தான். வைத்த பெயர் மறைந்து, அழைத்த பெயரே நிலைத்து, அவர் சியாமா சாஸ்திரி ஆனார். அவர் குடும்பத்தார் வழிவழியாகப் பூஜித்த அம்பிகையின் பெயர் பங்காரு காமாட்சி. பங்காரு என்பது தெலுங்கில் பொன், தெலுங்குத் தாய்மார் தம் குழந்தையைத் தங்கமே என்று அழைக்கும் சொல்லும் அதுவே. காஞ்சீபுரத்திலிருந்து கலகங்களுக்கு அஞ்சிப் பல ஊர்களில் தங்கி, திருவாரூருக்கு வந்து, துளஜா மன்னர் காலத்தில் தஞ்சாவூர் மேலராஜவீதியில் குடிகொண்ட அந்தப் பொன்மேனிக்குப் புனுகு சாத்திச் சாத்தி, இன்று தரிசிக்கிறவர்களுக்கு அவள் கறுத்தே தென்படுகிறாள்.

சாஸ்திரிகள் தம் கிருதிகளில் வைத்த முத்திரை தாயார் அழைத்த அந்தப் பெயர்தான். பல கிருதிகளில் அவர் அம்பிகையைச் 'சியாமகிருஷ்ண சோதரி' என்று அழைக்கிறார்: கண்ணனின் தங்கை என்பது அதன் புராண அர்த்தம். ஒரு நவராத்திரி மாலையில், மேலராஜவீதிக் கோயிலின் பிராகாரத்தில், காய்கறிப் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்த ஓர் அம்மாள் அவருடைய கிருதி ஒன்றை மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள். சரணத்தின் கடைசியில் அந்த முத்திரை வந்த இடத்தில், மடியிலிருந்த பேத்தி நிமிர்ந்து, "அது யாரு பாட்டி?" என்று கேட்டது. "அவர் அம்மா அவரைக் கூப்பிட்ட பேருடி ஆயி" என்று சொல்லிவிட்டு, அவள் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் பாடத் தொடங்கினாள்.